ராடு எரிகிறது, மிக் மட்டும் பிடிக்கவில்லை: ஐஜிபிடி மேல் பழி போடும் முன்

கேள்வி இதுதான். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு கேட், கிரில் வேலை செய்கிறவர். 200 ஆம்ப் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், ஆர்க் (ராடு வைத்து அடிப்பது), மிக் (டார்ச் வழியாகக் கம்பி தானாக வந்து அடிப்பது), லிஃப்ட் டிக் (டங்ஸ்டன் ஊசியைத் தகட்டில் தொட்டுத் தூக்கித் தீ பிடிப்பது) மூன்றும் ஒரே பெட்டியில். ராடு போட்டால் நன்றாக எரிகிறது. மிக்கில் வைத்து டார்ச் ட்ரிக்கரை அழுத்தினால் கேஸ் வருகிறது, கம்பி வருகிறது, நெருப்பு மட்டும் வரவில்லை. கம்பி தகட்டில் முட்டிச் சுருண்டுகொள்கிறது. நடுநடுவே மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது. பார்த்த மெக்கானிக் "ஐஜிபிடி போயிடுச்சு, போர்டோட மாத்தணும்" என்று புது மெஷின் விலையில் பாதி சொல்லியிருக்கிறார். மாற்றலாமா?

வேண்டாம். ராடு நன்றாக எரிகிற மெஷினில் ஐஜிபிடி (உள்ளே கரண்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும் பவர் சுவிட்ச்) போயிருக்க வழியே இல்லை. அது ஏன் என்று புரிந்துகொண்டால் இனிமேல் உங்களை யாரும் இப்படி ஏமாற்ற முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று வேலை என்றாலும் உள்ளே மூன்று மெஷின் கிடையாது. பவர் பகுதி ஒன்றே ஒன்று. வீட்டு லைனின் 230 வோல்ட் ஏசி, பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் டிசி ஆகி, பெரிய கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். அதை ஐஜிபிடிகள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும், அங்கே வோல்ட் குறைந்து ஆம்பியர் ஏறி, வேகமான டையோடுகள் வழியாக மறுபடி டிசி ஆகி, சோக் வழியாக வெளியே வரும். பழைய காப்பர் சுற்றிய மெஷினை இரண்டு பேர் தூக்கியது போய், இப்போது ஒரு கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவது இந்த வேகத்தால்தான். ஆர்க்குக்கும் மிக்குக்கும் இந்தப் பாதை பொது. வித்தியாசம் கண்ட்ரோல் போர்டில் இருக்கிறது: ஆர்க்கிலும் டிக்கிலும் அது ஆம்பியரைப் பிடித்து வைக்கும், மிக்கில் வோல்ட்டைப் பிடித்து வைக்கும். அதோடு மிக்குக்கு மட்டும் கம்பி மோட்டார், கேஸ் வால்வு, ட்ரிக்கர் என்று கூடுதல் சாமான்கள்.

ஆக, எந்த வேலை நடக்கிறது, எது நடக்கவில்லை என்பதே பாதி பரிசோதனை. ஸ்க்ரூ ஒன்றுகூடக் கழற்ற வேண்டாம். உங்களுக்கு ராடு எரிவதால் பவர் பகுதி முழுக்க நன்றாக இருக்கிறது. கேஸும் கம்பியும் வருவதால் ட்ரிக்கர் ஒயர், மோட்டார் டிரைவ், வால்வு எல்லாம் சரி. மிச்சம் இருப்பது இரண்டே இடம்: கரண்ட் டெர்மினலிலிருந்து டார்ச்சுக்குப் போகிற வழி, இல்லாவிட்டால் மிக்கில் பவரை எழுப்பும் சிக்னல்.

முதல் இடத்தைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். மெஷினின் முன்பக்கம், கீழே, ஒரு ஜாண் நீளத்தில் தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று முனையில் பிளக்கோடு தொங்குகிறதா பாருங்கள். பல மாடல்களில் டார்ச் மாட்டுகிற பித்தளைக் கட்டைக்குக் கரண்ட் இந்தக் கேபிள் வழியாகத்தான் போகும். கேஸோடு சாதாரணக் கம்பி போட்டால் அதை பிளஸ்ஸில் செருக வேண்டும், எர்த் கிளாம்ப் மைனஸில். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கம்பி என்றால் பெரும்பாலும் தலைகீழ், கேபிள் மைனஸில், எர்த் பிளஸ்ஸில். இப்போது நீங்கள் ராடு போடும்போது என்ன செய்வீர்கள்? ஹோல்டரையும் பிளஸ்ஸில்தான் செருகுவீர்கள். அதற்கு இடம் வேண்டும் என்று இந்தக் குட்டிக் கேபிளைப் பிடுங்கி விட்டிருப்பீர்கள். மறுபடி மிக்குக்கு மாறும்போது ஹோல்டரைக் கழற்றியாயிற்று, டார்ச் ஏற்கனவே மாட்டித்தான் இருக்கிறது, எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். கேஸ் வரும், கம்பி வரும், கரண்ட் வராது. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். என்னிடம் இப்படி வந்த மெஷின்களில் சிலவற்றை வாசலிலேயே செருகிக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வண்டியிலிருந்து இறக்கக்கூட இல்லை.

செருகியே இருக்கிறது என்றால், கழற்றி அதன் முனையைப் பாருங்கள். உள்ளே தள்ளி வலப்பக்கம் திருகி இறுக்கினால்தான் அது பிடிக்கும். சும்மா தள்ளி விட்டுவிட்டால் நாலு நாள் ஓடும், ஐந்தாம் நாள் பித்தளை கறுத்துப்போய், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உருகத் தொடங்கிவிடும். கறுத்திருந்தால் எமரித் தாளால் தேய்த்தால் போதும், சாக்கெட்டின் உட்பக்கமும் கறுத்திருந்தால் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது, விலை பெரிதாக ஒன்றும் இல்லை.

அதுவும் சரி என்றால் ஒரு மல்டிமீட்டர் போதும். மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து முன்பக்க பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் பிடியுங்கள். ஆர்க்கில் 50, 60 வோல்ட் மாதிரி ஏதாவது காட்டும். (சில மெஷின்களில் ஷாக் அடிக்காமல் இருக்க விஆர்டி என்று ஒரு ஏற்பாடு உண்டு, அதில் சும்மா இருக்கும்போது மிகக் குறைவாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம்.) அப்புறம் மிக்குக்கு மாற்றி, கம்பியை அழுத்துகிற ரோலர் கையைத் தூக்கிவிட்டு, இல்லாவிட்டால் மீட்டரைப் பார்ப்பதற்குள் இரண்டு மீட்டர் கம்பி தரையில் கிடக்கும், ட்ரிக்கரை அழுத்திப் பாருங்கள். ஆர்க்கில் வோல்ட் எப்போதும் நிற்கும். மிக்கில் ட்ரிக்கர் அழுத்தினால் மட்டும்தான் வரும். டெர்மினலில் வருகிறது, டார்ச் முனை டிப்பில் வரவில்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது: குட்டிக் கேபிள், பித்தளைக் கட்டையின் பின்னால் இருக்கும் போல்ட், டார்ச் கேபிள். டெர்மினலிலேயே வரவில்லை என்றால் சிக்னல். அப்போதும் ஐஜிபிடி கிடையாது. முன் பேனலில் இருந்து கண்ட்ரோல் போர்டுக்குப் போகும் பட்டை ஒயரின் கனெக்டர், ஆர்க்-மிக் மாற்றும் சுவிட்ச், அங்கே ஏதாவது காய்ந்துபோன சால்டர். கனெக்டரைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மறுபடி மாட்டினாலே உயிர் வந்த மெஷின்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. உங்களுடையது லிஃப்ட் டிக், பரவாயில்லை. ஹெச்எஃப் ஸ்டார்ட் (தொடாமலே உயர் வோல்ட் பொறியால் தீ பிடிக்கிற ஏற்பாடு) உள்ள டிக் மெஷினில் அந்த ஹெச்எஃப் ஓடும்போது மீட்டரை டெர்மினலில் வைத்தால் மீட்டர் செத்தது என்று அர்த்தம்.

இனி மஞ்சள் விளக்கு. அது எப்போது எரிகிறது என்பதுதான் விஷயம். பத்து நிமிடம் விடாமல் அடித்த பிறகு எரிந்து, ஃபேன் ஓட ஓட ஐந்தாறு நிமிடத்தில் தானாக அணைந்தால் அது சூடு, கோளாறே இல்லை. மெஷின் மேல் 35 சதவீதம், 60 சதவீதம் என்று டியூட்டி சைக்கிள் போட்டிருப்பார்கள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அடிக்கலாம் என்று அர்த்தம், அதுவும் வழக்கமாக 40 டிகிரி வெயிலுக்குக் கணக்குப் போட்டது. மே மாதம் தகர ஷெட்டுக்குள் 40 டிகிரி என்பது காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். அந்த நேரத்தில் மெயினை அணைக்காதீர்கள், ஃபேன் நின்றுவிடும், உள்ளே இருக்கிற சூடு அப்படியே சாமான்களைச் சுடும்.

சூடே இல்லாமல், அடிக்க ஆரம்பித்ததும் எரிகிறது என்றால் லைனைப் பாருங்கள். 200 ஆம்பில் ராடு எரிய 28 வோல்ட் வேண்டும், அதாவது 5,600 வாட்ஸ் வெளியே வர வேண்டும். மெஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் இந்த மாதிரி மெஷின் லைனிலிருந்து 40 ஆம்ப் வரை இழுக்கும். நீங்கள் செருகியிருப்பது 15 ஆம்ப் பிளக், நடுவில் 1.5 ஸ்கொயர் எம்எம் எக்ஸ்டென்ஷன் 30 மீட்டர் என்றால், போகவும் வரவும் 60 மீட்டர் காப்பர், 0.7 ஓமுக்குக் கொஞ்சம் மேல். 30 ஆம்ப் இழுத்தால் அந்த ஒயரிலேயே 22 வோல்ட் காலி. சும்மா பார்த்தால் மீட்டரில் 230 காட்டும், எல்லாம் சரி என்பீர்கள். இன்னொருவரை வெல்டிங் அடிக்கச் சொல்லிவிட்டு அதே நேரத்தில் மெஷின் பக்கத்தில் பாருங்கள், 180-க்கு விழுவதை நானே பார்த்திருக்கிறேன். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷனை அப்படியே சுருளோடு பயன்படுத்துவது இன்னும் மோசம், சூடாகி உருகும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டு, நேராக மெயின் போர்டிலிருந்து எடுங்கள்.

குளிர்ந்த மெஷினில், சுவிட்ச் போட்ட அடுத்த நொடியே மஞ்சள் விளக்கு எரிந்து எந்த வேலையும் நடக்கவில்லை என்றால் அப்போதுதான் ஐஜிபிடி, அவுட்புட் டையோடு என்று பேச்சையே எடுக்க வேண்டும். உங்கள் கதை அது இல்லை, ஆனால் ஒரு நாள் அதுவும் வரும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நான்கு, 325 வோல்ட் என்றால் உள்ளே சேர்ந்திருப்பது சுமார் 100 ஜூல், 100 வாட்ஸ் பல்பை ஒரு நொடி எரிய வைக்கிற சக்தி. சொன்னால் கொஞ்சம் போலத்தான் தெரியும், விரல் வழியாகப் போனால் தெரியும் அது எவ்வளவு என்று. அதைத் தானாக வடிக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அது அறுந்திருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்கிற வீரம் வேண்டாம். குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் வைத்து, அந்த ஒயர் முனைகளை ஒரு கையால் கெப்பாசிட்டர் முனைகளில் தொட வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். இன்னொன்று, பல மெஷின்களில் ஐஜிபிடியின் சூட்டை இறக்கும் அலுமினிய ஹீட்சிங்க்கே லைவ். கரண்ட் இருக்கும்போது ஹீட்சிங்க் சூடா என்று தொட்டுப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விடுங்கள்.

திறந்ததும் முதலில் கண்ணால் பாருங்கள், மூக்காலும். கிரைண்டர் அடிக்கிற இடத்தில் மெஷினை வைத்தால் ஃபேன் இரும்புத் தூளை உள்ளே இழுத்துப் போர்டு முழுக்கப் பூசி வைத்திருக்கும். அது வெறும் தூசி இல்லை, கரண்ட் கடத்துகிற தூசி. மழைக்கால ஈரம் சேர்ந்தால் ஒரு நாள் காலையில் சுவிட்ச் போட்டதும் டமார். பல்லி இன்னொரு ஆள். கதகதப்புக்கு உள்ளே போய் டெர்மினல் இரண்டுக்கும் குறுக்கே படுத்துத் தானும் கருகி மெஷினையும் கருக்கிவிடும். கம்ப்ரசர் காற்றைத் தள்ளி நின்று, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம் மீட்டரை டையோடு டெஸ்டில் வையுங்கள். வெளியே பிளஸ், மைனஸ் டெர்மினலில் இரண்டு பக்கமும் மாற்றி வைத்தாலும் பூஜ்யம் காட்டினால் அவுட்புட் டையோடு ஷார்ட். ஐஜிபிடியில் கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு பக்கம் 0.4 போல, மறுபக்கம் ஒன்றும் காட்டாமல் இருந்தால் பரவாயில்லை. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் போய்விட்டது. இரண்டு மூன்று பேரலலாக இருக்கும், ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாமே ஷார்ட் போலக் காட்டும், கழற்றித்தான் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மாற்றும்போது அந்த வரிசை முழுவதையும் ஒரே லாட்டில் மாற்றுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பாதி விலைக்குக் கிடைக்கிற ஐஜிபிடி பெரும்பாலும் பழசைச் சுரண்டி மேலே புது நம்பர் அடித்தது. காலில் பழைய சால்டர் தடம் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இங்கேதான் நான் ஆரம்பத்தில் வாங்கிய அடி. ஒரு மெஷினில் நான்கு ஐஜிபிடியும் ஷார்ட். புதுசு நான்கு போட்டேன், ஹீட்சிங்க் பேஸ்ட் தடவினேன், அழகாகச் சால்டர் செய்து நேராக லைனில் செருகிச் சுவிட்ச் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, பட்டாசு. நான்கில் இரண்டு காலி, எம்சிபியும் விழுந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து பார்த்தால் ஐஜிபிடியின் கேட்டுக்கு, அதாவது அதைத் திறந்து மூடும் சிக்னல் வருகிற காலுக்கு, போகிற 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று அறுந்து, பக்கத்தில் இருந்த ஜீனரும் (வோல்ட் அளவு மீறாமல் காக்கும் டையோடு) ஷார்ட். பழைய ஐஜிபிடி வெடித்தபோது அவற்றையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. ஐஜிபிடி போனால் அதன் கேட் பக்கம் இருக்கிற ரெசிஸ்டர், ஜீனர், டிரைவர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளக்காமல் புதுசைப் போடவே கூடாது.

அன்றிலிருந்து சீரிஸ் பல்பு இல்லாமல் எதையும் செருகுவதில்லை. லைனுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு 100 அல்லது 200 வாட்ஸ் குண்டு பல்பு. எல்இடி வேலைக்கு ஆகாது. சுவிட்ச் போட்டதும் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது, ஆனால் நீங்கள் போட்ட புதுச் சாமான் பிழைத்துக்கொண்டது. ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்கள் 325 வோல்ட்டைத் துண்டித்துவிட்டு, கண்ட்ரோல் போர்டுக்கு மட்டும் சப்ளை கொடுத்து எல்லா கேட்டிலும் அலை ஒரே மாதிரி வருகிறதா என்று முதலில் பாருங்கள். லைன் கொடுத்த நிலையில் ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை பிரைமரி (325 வோல்ட்) பக்கம் மாட்டினால் ஸ்கோப்பும் போகும், மெஷினும் போகும்.

எல்லாரும் தவறவிடுகிற ஒரு கோளாறு இன்னும் இருக்கிறது. சுவிட்ச் போட்ட ஓரிரு நொடியில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கெப்பாசிட்டர் மெதுவாக நிரம்ப ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் விட்டு, நிரம்பியதும் அந்த ரெசிஸ்டரை ஒரு ரிலே தாண்டிவிடும், அந்த ரிலேயின் சத்தம் அது. ரிலே பிடிக்காவிட்டாலும் டிஸ்ப்ளே எரியும், ஃபேன் ஓடும், டெர்மினலில் வோல்ட்டும் வரும். ராடை உரசினால் மட்டும் ஒரு பொறி வந்து எல்லாம் படுத்துவிடும், கூடவே கருகல் வாடை. கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு கிரில் பட்டறை மெஷினில் அந்த ரெசிஸ்டரை வேறொருவர் மூன்று தடவை மாற்றியிருந்தார், மூன்றும் ஒரே வாரத்தில் கருகின. ரெசிஸ்டர் பாவம் என்ன செய்யும்? ரிலேயின் கான்டாக்ட் தீய்ந்து போயிருந்தது, டக் சத்தம் வந்தது, ஆனால் தொடவில்லை. மெஷினோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத விலைக்கு ஒரு ரிலே, ஒரு ரெசிஸ்டர், வேலை முடிந்தது.

மிக்கில் தீ வந்த பிறகும் வெட்டி வெட்டி அடிக்கிறது, பொறி தெறிக்கிறது என்று அடுத்த கேள்வி வரும், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். போர்டைத் தொடாதீர்கள். எர்த் கிளாம்ப்பைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். 0.8 எம்எம் கம்பி ரோலரின் 0.8 பள்ளத்தில்தான் ஓடுகிறதா பாருங்கள், நிறையப் பேர் 1.0 பள்ளத்தில் ஓட்டிக்கொண்டு மோட்டாரைத் திட்டுவார்கள். டிப்பின் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், டார்ச் கேபிளில் கம்பி ஓடுகிற குழாயான லைனருக்குள் காற்றடியுங்கள். வோல்ட் நாபை எவ்வளவு திருப்பினாலும் எதுவும் மாறவில்லை என்றால் மட்டும் டெர்மினலிலிருந்து கண்ட்ரோல் போர்டுக்கு வருகிற மெல்லிய ஒயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள், மெஷின் தன் வோல்ட்டைத் தெரிந்துகொள்வது அதன் வழியாகத்தான்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது குட்டிக் கேபிளைப் பார்ப்பது, மிக்கில் ட்ரிக்கரை அழுத்தி டெர்மினலில் எத்தனை வோல்ட் என்று பார்ப்பது. அந்த எண்ணையும், மஞ்சள் விளக்கு எரியும்போது லைனில் எத்தனை வோல்ட் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் அதுவரை எதுவும் ஒப்புக்கொள்ள வேண்டாம், ராடு எரியும்போது ஐஜிபிடி எப்படி போயிருக்கும் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.